சுந்தரம் விழுந்த விதம்

சிரிப்பு முதலில் பின்வரிசையிலிருந்துதான் வந்தது.

மாத்தளையில் ஒரு பள்ளிக்கூட மைதானம். மூங்கில் நட்டு, சாக்குப் படுதா கட்டி, வகுப்பு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் வெயிலிலேயே நாடகம் போட்டார்கள். வறுத்த கடலையும் தலைக்கு வைத்த எண்ணெயும் சேர்ந்து ஒரு வாசனை.

படுதா விலகியது. எங்கள் தெருக் கலீல் தனியாக வந்தான். காக்கிக் காற்சட்டை, தோளில் ஒரு துணிப்பை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு காலை இழுத்து இழுத்து மேடையின் நடுவுக்கு வந்தான். மேளம் ஒரே ஒரு அடி அடித்தது. கலீல் வெட்டிய வாழையாகத் தரையில் விழுந்தான்.

பின்னால் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு அந்த வரிசை சிரித்தது. பிறகு மைதானம் முழுக்க.

போரிலிருந்து வீடு திரும்பும் இளைஞர்களைப் பற்றிய நாடகம் அது. சிரிக்க வேண்டிய இடம் அதில் மருந்துக்கும் கிடையாது. மேடையில் கலீல் விழுந்தது என் தம்பி சுந்தரத்தின் விழுதல். சுந்தரம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் தையல் மெஷின் வந்த கதையை எழுதியபோது தம்பியைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். கலேவெலவிலிருந்து ஒரு வாசகி, "தம்பியை ஏன் பாதியில் விட்டீர்கள் அக்கா?" என்று கேட்டிருக்கிறார். விடவில்லை தங்கச்சி. எழுதத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

மம்பட்டிப் பட்டாளம்

உக்குவளை ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பா ரயில் பாதையில் வேலை செய்து, சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தவர். அம்மா, நான், தம்பி. நான் தைத்துத்தான் அடுப்பு எரிந்தது. அம்மாவுக்கு வாய் மட்டும் எந்தப் பஞ்சத்திலும் குறைந்ததில்லை.

உலகச் சண்டை நடந்தபோது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டான். பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கருப்பையாவும் கூடப் போனான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருவன் ஆற்றில் குதித்தால் மற்றவன் தனக்கு நீச்சல் தெரிகிறதா என்றுகூட யோசிக்காமல் குதிப்பான்.

துப்பாக்கி கொடுப்பார்கள் என்று நம்பிப் போனார்கள். மம்பட்டியைக் கொடுத்தார்கள். மிசிர் என்று நாங்கள் சொல்லும் எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் ரோடு போடுவது, பள்ளம் தோண்டுவது, லொறியில் மூட்டை ஏற்றுவது.

"மம்பட்டி புடிக்க கப்பல் ஏறிப் போகணுமா? உக்குவளையில மண்ணு தீந்து போச்சா?" என்று அம்மா ஊர் முழுக்கக் கேட்டுத் திரிந்தாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுவாள்.

கருப்பையா திரும்பவில்லை.

அவன் தாய் மீனாட்சி தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். நாங்கள் சின்னம்மா என்று கூப்பிடுவோம். இரத்த உறவு இல்லை, அதைவிட நெருக்கம். தோட்டத்து ஆபீசுக்கு அவரைக் கூப்பிட்டு, பெரிய கிளாக்கர் எழுந்து நின்று செய்தியைச் சொன்னாராம். "எந்திருச்சு நின்னாரு பாப்பா" என்பதைத்தான் சின்னம்மா எல்லோரிடமும் முதலில் சொல்லுவார். பால் வெட்டுகிற பெண்ணுக்கு முன்னால் அந்த மனிதர் எழுந்து நின்றது அந்த ஒரு தடவைதான். நாற்காலி நகர்ந்த சத்தத்திலேயே மகன் இல்லை என்று தெரிந்துவிட்டதாம்.

எப்படிச் செத்தான், எங்கே புதைத்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், ஒன்றும் தெரியாது. உடம்பு இல்லாமலே கருமாதி செய்தார்கள்.

சண்டை முடிந்து தம்பி உக்குவளையில் ரயிலை விட்டு இறங்கிய அன்றே சின்னம்மா ஒரு பலாக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். காயைக் கீழேகூட வைக்கவில்லை.

"சாமி, நீ அவங்கூடத்தானே இருந்த? எம்புள்ள எப்படிப் போனான்? அத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

தம்பி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, முகம் கறுத்து, எழுந்து பின்பக்கம் ஓடினான். அவன் வாந்தி எடுப்பது எங்களுக்குக் கேட்டது. சின்னம்மா பலாக்காயோடு அப்படியே நின்றார்.

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி வருவார். அவருடைய கிழிந்த குடையைத் தூரத்தில் கண்டாலே இவன் ரயில் பாதைப் பக்கம் மறைந்துவிடுவான். மற்ற விஷயமெல்லாம் பேசுவான். ஒட்டகத்தைப் பற்றிச் சொல்லுவான், கப்பலில் கொடுத்த சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைப்பான். கருப்பையா பெயர் வந்தால் நாக்கு கல்லாகிவிடும்.

"சுந்தரத்துக்கு எம்மேல என்னா கோவம் பாப்பா?" என்று சின்னம்மா என்னைக் கேட்பார்.

இதற்கிடையில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. கூடவே, இந்தியாவிலிருந்து வந்த வம்சமான நாங்கள் இந்த நாட்டுக்காரர்களா என்ற கேள்வியும் வந்தது. மிசிருக்குக் கப்பல் ஏற்றும்போது யாரும் அதைக் கேட்கவில்லை. அதைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது, எனக்கு இரத்தக் கொதிப்பும் ஏறும். விட்டுவிடுகிறேன்.

மெதுவாக விழுவது

தம்பிக்குப் பலாபத்வலையில் பலகை அறுக்கும் ஒரு மரக்காலையில் வேலை கிடைத்தது. அங்கே பக்கத்தில் கல்லுடைக்கிற மலை ஒன்று இருந்தது. வெடி வைக்கும் சத்தம் கேட்டால் தம்பி நின்ற இடத்தில் விழுவான். கையில் பலகை இருந்தாலும் விழுவான், சோறு இருந்தாலும் விழுவான். எழுந்து தூசியைத் தட்டிவிட்டு ஒன்றும் நடக்காதது போல வேலையைப் பார்ப்பான். ஊரார் "பட்டாளத்தான் உழுந்துட்டான்" என்று சிரிப்பார்கள். இரண்டு இடத்தில் பெண் கேட்டோம். இரண்டு வீட்டிலும் இதைக் காரணம் சொன்னார்கள்.

அப்படி ஒருநாள் பஸ் நிற்கும் இடத்தில் அவன் விழுந்ததைத் தில்லையம்பலம் மாஸ்டர் பார்த்துவிட்டார்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளையில் கணக்கும் தேகப்பயிற்சியும் படிப்பித்தார். மாலையில் ஊர் இளைஞர்களைச் சேர்த்து நாடகம் பழக்குவார். அந்த நாடகத்தில் வசனம் இல்லை, பாட்டு இல்லை. உடம்புதான் கதை சொல்ல வேண்டும். தமிழ்ப் பையன், சிங்களப் பையன், முஸ்லிம் பையன் எல்லோரும் வந்தார்கள். "பேச்சு இல்லாட்டிச் சண்டையும் இல்லை" என்பார் மாஸ்டர். நல்ல மனிதர். ஆனால் கூத்து என்றால் முகம் சுளிப்பார். தோட்டத்துக் கூத்துப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீர் அண்டைக்கு விழுந்தீர். அதை மெதுவாச் செய்து காட்ட ஏலுமோ?"

அம்மா துள்ளி எழுந்தாள். "ஏன் வாத்தியாரே, எம்புள்ள என்னா சர்க்கஸ் கொரங்கா?"

தம்பி அம்மாவைக் கையமர்த்தினான். எழுந்தான். நாற்காலியைச் சுவரோரம் தள்ளினான். எங்கள் சிமெண்டுத் தரையில், மிக மெதுவாக, இல்லாத மம்பட்டியால் இல்லாத மண்ணை வெட்டினான். நெற்றியைத் துடைத்தான். நிமிர்ந்தான். பிறகு கால் மடங்கியது, தோள் மடங்கியது, முகம் தரையில் பட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று வருடமாகச் சொல்லாததை அவன் அங்கே சொல்லிக்கொண்டிருந்தான்.

"பக்கத்திலை ஆரும் நிண்டவையோ?" என்று மாஸ்டர் கேட்டார்.

தம்பி தலையசைத்தான்.

"அவர் என்ன செய்தவர்?"

"சும்மா நின்னான்." எழுந்து தூசியைத் தட்டினான்.

மாஸ்டர் போன பிறகு, நான் தைத்துக்கொண்டிருக்க, அவன் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தபடி சொன்னான்.

"அக்கா, நாடகம் போடுற அன்னைக்கி சின்னம்மாவ கூட்டிக்கிட்டு வந்துர்றியா? முன்னால உக்கார வைக்கணும். எனக்கு வாயில வர மாட்டேங்குது. அவங்க கண்ணால பாத்துக்கட்டும்."

நாடகம் எதற்காக என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊருக்காக இல்லை. ஒரே ஒரு ஆளுக்காக.

கலீலின் முழங்கால்

தம்பியே மேடையேற மறுத்துவிட்டான். கலீலுக்குச் சொல்லிக்கொடுத்தான். கலீல் துணிக்கடைக்காரர் மகன், எங்களுக்கு மூன்றாவது வீடு. விழுந்து விழுந்து அவன் முழங்கால் வீங்கிவிட்டது. "முழங்கால ஒடச்சிக்கிட்டு எப்படிடா தொழப் போற?" என்று அவன் உம்மா திட்டுவார். திட்டிக்கொண்டே எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவார்.

கருப்பையாவின் இடத்தில் நின்றவன் பியதாச. நல்ல உயரமான சிங்களப் பையன். அவனுக்குத் தம்பி ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சும்மா நில், பிறகு விழு, அவ்வளவுதான்.

"சுந்தரம் சொல்லித் தாரதுல ஒரு துண்டு குறையுது அக்கா" என்று கலீல் ஒருநாள் என்னிடம் சொன்னான். "கேட்டா எந்திரிச்சிப் போறான்."

ஆனாலும் அந்த மாதங்களில் வீடு மாறியது. தம்பி இரண்டாம் முறை சோறு கேட்டான். காலையில் முகம் கழுவும்போது எதையோ முணுமுணுத்துப் பாடினான். அம்மா சந்தேகத்தோடு என்னைப் பார்ப்பாள், நான் பேசாதே என்று கண்ணால் சொல்லுவேன். சின்னம்மா பார்த்துவிட்டால் இவன் பாரம் இறங்கிவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்துகொண்டேன்.

முதலில் வருபவன்

இந்த இடத்தில், தோட்டத்துக் கூத்துப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

எந்தக் கூத்தானாலும் ராசா முதலில் வரமாட்டார். முதலில் தனியாக ஒருவன் வருவான். காலை இழுப்பான், தலையைக் கோணுவான். மேளக்காரர் திடீரென்று ஓர் அடி அடிப்பார், அவன் பொத்தென்று விழுவான். பிள்ளைகள் கைதட்டும். மறுபடி எழுந்து நடப்பான், மறுபடி அடி, மறுபடி விழுவான். அவன்தான் கோமாளி. அவன் சிரிக்க வைத்து முடித்த பிறகுதான் ராசா, மந்திரி, கதை எல்லாம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. தாயின் மடியில் இருக்கும்போதே பார்த்துத் தெரிந்துகொள்வது.

மாஸ்டர் குண்டு வெடிப்பதற்கு மேளத்தில் ஓர் அடி வைத்தார். திரும்பி வருகிறவனின் தனிமை தெரிய வேண்டும் என்று கலீலை முதலில் தனியாக அனுப்பினார். அவருக்கு இது தெரியாது. டவுனில் வளர்ந்த பையன்களுக்கும் தெரியாது. எனக்கும் தம்பிக்கும் நன்றாகத் தெரியும், இருந்தும் ஒத்திகையில் ஒருநாளும் தோன்றவில்லை. எங்களுக்கு அது சுந்தரம் விழுவது. கோமாளி ஞாபகம் எப்படி வரும்?

மைதானத்தில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்குச் சுந்தரமும் தெரியாது, மிசிரும் தெரியாது. கூத்து தெரியும்.

முன்வரிசை

சிரிப்பு அடங்கவில்லை. கலீல் எழுந்தான். நாடகத்தின்படி அவன் வீட்டு வாசலில் விழ வேண்டும், கடையில் விழ வேண்டும், கல்யாணப் பந்தலில் விழ வேண்டும். ஒவ்வொரு விழுதலுக்கும் சிரிப்பு கூடியது. "இன்னொருக்கா உழுடா ராசா!" என்று ஒருவர் கத்தினார்.

மாஸ்டர் படுதாவுக்குப் பின்னாலிருந்து குனிந்தபடி என்னிடம் ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஏன் பிள்ளை சிரிக்கினம்?"

"கோமாளின்னு நெனச்சிட்டாங்க மாஸ்டர்."

"ஆரை?"

"கலீல."

அவர் ஜனங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. கலீலும் பியதாசவும் பள்ளம் தோண்டினார்கள். மேளம் அடித்தது. கலீல் விழுந்தான். பியதாச நின்றான். பிறகு அவனும் மெல்லச் சரிந்தான். இரண்டு கோமாளிகள் கிடைத்த சந்தோஷத்தில் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது.

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். நாடகம் என்று மட்டும் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தேன். முன்வரிசையில், மடியில் கடலைப் பொட்டலத்தோடு, தீபாவளிச் சேலையில் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். முந்தானை விலகியது. சின்னம்மா சிரித்துக்கொண்டிருந்தார். மகன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணில் நீர் வழிய, பக்கத்திலிருந்தவளின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

தம்பி மேடையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கூட்டத்தின் மேல் வந்த ஆத்திரம் இன்றுவரை எனக்கு முழுதாக ஆறவில்லை. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதும் தெரியும்.

கூட்டம் கலைந்தது. "கோமாளி நல்லாத்தான் செஞ்சான். ராசா ஏன் வரல?" என்று பேசிக்கொண்டே போனார்கள். படுதாவுக்குப் பின்னால் கலீல் விம்முவது கேட்டது.

சின்னம்மா எங்களிடம் வந்தார்.

"சாமி, வயிறு வலிக்கச் சிரிச்சேன். எத்தன வருசமாச்சு! கருப்பையா இருந்திருந்தா உழுந்து பொரண்டு சிரிச்சிருப்பான்."

தம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஓடப்போகிறான் என்று நான் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"சிரிச்சான் சின்னம்மா" என்றான்.

"என்னா சாமி?"

"அவன் சிரிச்சான்." குரல் யாருடையதோ போல வந்தது. ஆனால் வந்தது. "பள்ளம் வெட்டிக்கிட்டு இருந்தோம். பிளேன் சத்தம் கேட்டுச்சு. நான் உழுந்துட்டேன். நான் எப்பவும் மொதல்ல உழுந்துருவேன், பயந்தாங்கொள்ளி. அவனுக்கு அது வேடிக்க. இடுப்புல கைய வச்சிக்கிட்டு, கோமாளி உழுந்துட்டான்டான்னு நின்னு சிரிச்சான். உழுடான்னு கத்துனேன். அவன் இன்னும் சிரிச்சான்."

சின்னம்மாவின் முகத்தில் சிரிப்பு பாதி அப்படியே இருந்தது.

"ரொம்ப நேரம் கெடந்தானா?"

"இல்ல சின்னம்மா. சிரிச்சு முடிக்கல."

அவர் அங்கேயே புல்லில் உட்கார்ந்தார். கடலை சிதறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடலையைப் பொறுக்கினேன்.

"நானும் சிரிச்சேனே சாமி" என்றார்.

தம்பி அவர் முன்னால் குந்தியிருந்தான். சின்னம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமுன் காயப்போட்ட துணியை எடுத்திருக்கலாமே என்று கேட்பதுபோல்தான் கேட்டார்.

"நீ உழும்போது அவன் கையையும் புடிச்சு இழுத்திருக்கலாமே?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் என் தம்பி அத்தனை நாள் அவர் குடையைக் கண்டு ஓடியிருக்கிறான்.

"நீட்டுனேன் சின்னம்மா" என்றான். "எட்டல."

சின்னம்மா அவன் கையைப் பார்த்தார். "சரி" என்றார். சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். தம்பி தோட்டம்வரை அவரோடு நடந்து போய் விட்டுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. வருவதே குறைந்துவிட்டது.

அவன் கை நீட்டினானா என்று எனக்குத் தெரியாது. அவன் சாகும்வரை நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நான் கேட்கவில்லை.